கிள்ளையிலிருந்து புதுச்சேரி வரை: கொரோனா நிவாரணம் போன வழி

ஞாயிறு, சிதம்பரம்

கொரோனா ஊரடங்கு வந்து இந்த 2025 மார்ச் மாதத்தோடு ஐந்து வருடம் முடிகிறது. 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்றிரவே நாடு முழுவதற்கும் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். அதே நாளில் சட்டமன்றத்தில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி இன்னொன்றும் சொன்னார். அரிசி அட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆயிரம் ரூபாய். ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, சர்க்கரை, சமையல் எண்ணெய் எல்லாம் விலையில்லாமல்.

நான் திருச்சி மாவட்டத்தில் ஒரு ரேஷன் கடை விற்பனையாளர். ஏப்ரல் 2 அன்று பணம் கொடுக்கத் தொடங்கினோம். நாளும் நேரமும் எழுதிய டோக்கனை வீடு வீடாகப் போய்க் கொடுத்தோம். கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். அறிவிப்பு வந்த பத்தே நாளில் அரசாங்கத்தின் கை ஒவ்வொரு தெருவுக்கும் போனது. அதற்குக் காரணம் ஒன்றுதான்: கடை ஏற்கெனவே அங்கே இருந்தது, அட்டைதாரர் பட்டியலும் இருந்தது. அந்த வேலையில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

ஆனால் வட்டத்துக்கு வெளியே, புளியமரத்தடியில் தினமும் சிலர் நின்றார்கள். அட்டை இல்லாதவர்கள். “எங்களுக்கு இல்லையாம்மா?” என்று கேட்டுவிட்டு, பதில் தெரிந்தே நின்றார்கள். பில் போடும் கருவியில் அவர்கள் பெயர் இல்லை என்றால் என்னால் ஒரு கிலோ அரிசி எடுத்துப் போட முடியாது. அப்படி நின்றவர்கள் எப்படித்தான் அந்த இரண்டு வருடத்தைக் கடந்தார்கள் என்பது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏன் கடலூர் பக்கம்? இருளர், மீனவர், முந்திரி உடைப்பவர்கள், திருநங்கைகள் எல்லோரும் இந்த எழுபது கிலோமீட்டர் கரைக்குள் இருக்கிறார்கள். வடக்கே போனால் முள்ளோடையில் புதுச்சேரி, வேறு அரசாங்கம் தொடங்குகிறது. ஒரே நோய் வந்தபோது பக்கத்துப் பக்கத்து இரண்டு அரசாங்கங்கள் என்ன செய்தன என்பதை நடந்தே பார்த்துவிடலாம். தினமும் இரவில் எழுதிப் போடுகிறேன்.

திங்கள், கிள்ளை

பிச்சாவரம் போகும் டவுன் பஸ். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், கூடையோடு ஏறிய அக்காமார்கள்தான் பஸ் முழுக்க. போன புதன்கிழமைதான் மாசி மகம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு வந்து போயிருக்கிறார். கடைவீதியில் அந்தப் பந்தல் கழிகளை இன்னும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

சுரபுன்னைக் காட்டின் ஓரத்தில் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. இங்கே இருளர் வலை போடுவது குறைவு. இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொள்கிறார்கள். நான் போன நேரம் நீர் ஏற்றம் என்பதால் எல்லோரும் கரையில் இருந்தார்கள். ஓர் ஆயா வேப்பமர நிழலில் உட்கார்ந்து பறி முடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கொரோனாவா? அப்ப நாங்க இங்க இல்லம்மா. ராணிப்பேட்டை பக்கம் மரம் வெட்டிக்கிட்டு இருந்தோம். புள்ள, மருமவ, பேரப்புள்ள எல்லாரும்.”

“ரேஷன் அட்டை இருந்துச்சா ஆயா?”

“இருந்துச்சு. கூரையில செருகி வச்சிருந்தேன். டோக்கன் குடுக்க வந்தவங்க பூட்டின வூட்டப் பாத்துட்டுப் போயிட்டாங்களாம்.”

முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு மரம் வெட்டவோ செங்கல் சூளைக்கோ போவது வட தமிழ்நாட்டு இருளரிடையே பல காலமாக நடக்கிறது. வேலை நின்றதும் கூலி நின்றது. முதலாளி அரிசி கொடுத்தாராம், ஆனால் அதையும் முன்பணத்தில் சேர்த்து எழுதிக்கொண்டாராம். ஊரடங்கு முடிந்து வேலை தொடங்கியபோது கடன் கூடியிருந்தது. அதைக் கழிக்க மேலும் ஒரு வருடம் அங்கேயே வெட்டினார்கள். அரசாங்கம் அந்தக் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய ஆயிரம் ரூபாயும் அரிசியும் கிள்ளையில் ஒரு கடையில் இருந்தன. குடும்பம் எங்கேயோ காட்டுக்குள் இருந்தது.

எனக்கு இதன் மறுபக்கம் தெரியும். டோக்கன் கொடுத்து முடிந்ததும் கடைசியில் பணம் வாங்காத அட்டைகளைப் பட்டியல் போட்டு, மீதித் தொகையைத் திருப்பிக் கட்டினோம். அந்தப் பட்டியலைப் பார்க்கும் அதிகாரிக்கு, இவர்களுக்குத் தேவை இல்லை போலிருக்கிறது என்றுதான் தோன்றும். அவரவர் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டு தளர்ந்து, எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற முறை தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 அன்றுதான் வந்தது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் ஆயாவின் மருமகள் ராணிப்பேட்டையிலேயே அரிசி வாங்கியிருப்பாள். அட்டையைக் கூரையில் செருகாமல் மடியில் முடிந்து கொண்டுபோயிருந்தால்.

அட்டையே இல்லாத குடும்பங்கள் இன்னொரு வகை. குடியிருப்பது புறம்போக்கு, முகவரிச் சான்று கிடையாது. முகவரி இல்லாவிட்டால் ஆதார் சிக்கல், ஆதார் இல்லாவிட்டால் அட்டை இல்லை. பழங்குடிச் சாதிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் விசாரித்துத் தர வேண்டும். அதற்கு அலையும் நாளெல்லாம் கூலி போன நாள். இருளர், மத்திய அரசின் பட்டியலில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகளில் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் அப்படி ஆறு இனங்கள் உண்டு. நலிவு என்று காகிதத்தில் எழுதியாகிவிட்டது. அந்தக் காகிதத்தில் தங்கள் பெயரைச் சேர்ப்பதற்கே இவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல வருடமாக இதற்காகவே மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கொரோனாவுக்கு முன்னால் அவர்கள் வாங்கிக்கொடுத்த ஒவ்வொரு அட்டையும், கொரோனா வந்தபோது ஒரு வீட்டு அடுப்பை எரியவைத்திருக்கும்.

ஆயா பிடிவாதமாக ஒரு சின்ன பறியைக் கையில் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். பேரன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய், கடலூர்

சிதம்பரத்திலிருந்து வரும் வழியெல்லாம் வெயில். மஞ்சக்குப்பத்தில் ஒரு விடுதியில் அறை. காய்ச்சல் மாதிரி இருந்ததால் மாலை வரை படுத்துவிட்டேன். எழுத ஒன்றும் இல்லை.

புதன், தேவனாம்பட்டினம், துறைமுகம்

காலை ஐந்து மணிக்கே கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் களைகட்டிவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில், ஏப்ரல் 15 அன்று, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். 2020-இல் மார்ச் கடைசியிலேயே படகுகள் நின்றன. அதோடு தடைக்காலமும் ஒட்டிக்கொண்டது. மத்திய அரசு அந்த வருடம் தடையை மே 31 வரை என்று சுருக்கியது. அப்போது தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். இப்போது 8,000.

மீனவக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்தில் பெண்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும். தேவனாம்பட்டினத்தில் பேசிய அக்காக்கள் இதையெல்லாம் ரூபாய் பைசா சுத்தமாகச் சொன்னார்கள். சுனாமி பார்த்த ஊர். நிவாரணம் என்றால் எந்த மேசைக்குப் போக வேண்டும், எந்த நகல் வேண்டும் என்று 2004-லேயே கற்றுக்கொண்ட ஊர். அந்த அனுபவம் கொரோனாவில் கைகொடுத்தது என்றார் ஒருவர். சங்கம் இருந்தது, பஞ்சாயத்து இருந்தது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்துகொள்ள ஆள் இருந்தது.

துறைமுக வாசலில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்டேன். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கணவர் இறந்துவிட்டார். ஏலத்தில் பொடி மீன் எடுத்துக் காயவைத்து, கடலைவிட்டு உள்ளே இருக்கும் ஊர்களுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிறவர்.

“நான் அந்த ஊர்க்காரி இல்லீங்க. எங்க சாதி வேற. முப்பது வருசமா மீனுதான் விக்கிறேன், சங்கத்துல சேத்துக்கல.”

தடைக்கால நிவாரணம் இல்லை, சேமிப்புத் திட்டம் இல்லை. அரிசி அட்டை இருந்தது, அதனால் ஆயிரம் கிடைத்தது. விதவை உதவித்தொகை மாதம் ஆயிரம் வந்தது. பிரதமரின் திட்டத்தில் ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் 500 ரூபாய் போட்டார்கள். கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து, இன்ன இலக்கத்துக்கு இன்ன நாள் என்று வங்கிக்கு வரச் சொன்னார்கள். இவருக்கு வங்கிக் கணக்கு இருந்தது, ஆனால் ஜன்தன் கணக்கு இல்லை. மூன்று நாள் வெயிலில் நின்ற பிறகுதான் அதைச் சொன்னார்களாம்.

நிவாரணத்துக்கு ஒவ்வொரு திட்டமும் ஒரு கதவு. மீனவர் என்றால் ஒரு கதவு, கட்டடத் தொழிலாளி என்றால் ஒரு கதவு, ஜன்தன் என்றால் ஒரு கதவு. உழைப்பில் மீன்காரியாகவும் சாதியில் வேறாகவும் இருக்கும் பெண்ணுக்கு எந்தக் கதவும் முழுதாகத் திறக்கவில்லை. அரிசி அட்டை ஒன்றுதான் தொழிலையும் சாதியையும் கேட்காமல் கொடுத்தது. வருமானம் பார்க்காமல் ஏறத்தாழ எல்லோருக்கும் ரேஷன் என்பது தமிழ்நாடு விடாமல் காப்பாற்றி வரும் கொள்கை. வசதியுள்ளவனுக்கும் எதற்கு அரிசி என்று கேட்பவர்களை அந்தப் பெண்ணோடு பத்து நிமிடம் உட்காரவைக்க வேண்டும்.

வியாழன், பண்ருட்டி

பலாவுக்கு இன்னும் பருவம் முழுதாக வரவில்லை. முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகைகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. வரிசையாகப் பெண்கள், தரையில் கால் நீட்டி. வறுத்த கொட்டையைக் கட்டையால் ஒரு தட்டு. பருப்பு உடையாமல் ஓடு மட்டும் பிளக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். அதற்காகச் சாம்பல் தொட்டுக்கொள்கிறார்கள். விரல் நுனிகள் கறுத்து, வழவழவென்று ஆகிவிடுகின்றன.

எனக்கு அந்த விரல்களைப் பார்த்ததும் கடையின் கருவிதான் நினைவுக்கு வந்தது. கைரேகை வைத்தால்தான் பொருள் என்ற முறை தமிழ்நாட்டுக் கடைகளில் வந்தது 2020 அக்டோபரில், கொரோனா நடுவில். தேய்ந்த விரலைக் கருவி ஏற்காது. ஒருமுறை, இருமுறை, துடைத்துவிட்டு மறுபடி. பின்னால் வரிசை முணுமுணுக்கும். கைரேகை விழவில்லை என்பதற்காக யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையை ஸ்கேன் செய்தோ செல்போனுக்கு வரும் எண்ணைப் போட்டோ கொடுக்கலாம். இப்போது பல கடைகளில் கருவிழி பார்க்கும் கருவியும் இருக்கிறது. ஆனால் செல்போன் மகன் கையில் திருப்பூரில் இருந்தால் எண் எங்கே வரும்?

“எம்பொண்ணு பள்ளிக்கூடம் போவுது, அதும் பேரும் அட்டையில இருக்கு. அத கூட்டிட்டுப் போயிதான் ரேகை வைப்பேன்” என்றார் ஓர் அக்கா. அதற்காக அந்தப் பெண் அரை நாள் விடுப்பு எடுக்கிறாள்.

இவர்களுக்கு 2020 மூன்றாவது அடி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரித் தோப்பையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 வெள்ளம். அப்புறம் கொரோனா. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய சுமைத் தொழிலாளர்கள் மூலம் கடலூர் மாவட்டத்தில் நோய் வேகமாகப் பரவியது. மே 4 அன்று மாநிலம் முழுக்க 527 பேருக்குத் தொற்று, அதில் கடலூரில் மட்டும் 122. சந்தையில் மூட்டை தூக்கப் போனவர்கள் யார்? இந்த ஊர்களில் நிலமில்லாதவர்கள்தான். சோறு இல்லாமல் ஊர் திரும்பியவர்களை ஊரே பயந்து ஒதுக்கியது. அவர்களைத் தனிமைப்படுத்திய பள்ளிக்கூடத்துக்கு ஓர் அக்கா தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவாராம். சொந்தக்காரரா என்று கேட்டேன். “இல்ல, எங்க தெருதான்” என்றார்.

வெள்ளி, திருப்பாதிரிப்புலியூர்

பாடலீசுவரர் கோயில் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு திருநங்கைகளோடு மதியச் சாப்பாடு. வஞ்சிரம் வறுத்திருந்தார்கள். மூத்தவர் சமையல் வேலைக்குப் போகிறார், இளையவர் தையல்.

2020-லும் 2021-லும் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா நடக்கவில்லை. கடை கடையாகக் காசு கேட்பதும் ஆசீர்வாதம் செய்வதும் ரயிலில் போவதும் நின்றுவிட்டன. இருவரிடமும் ரேஷன் அட்டை இல்லை. பிறந்த வீட்டு அட்டையில் பெயர் இருக்கிறது, பழைய ஆண் பெயர். அந்த வீட்டுக்குள்ளே போக முடியாது. ஆயிரம் ரூபாய் அந்த வீட்டுக்குப் போனது.

2021 மே மாதம் மு.க. ஸ்டாலின் முதல்வரானதும் அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய் என்று அறிவித்து, இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். ஜூனில் 14 மளிகைப் பொருள் கொண்ட தொகுப்பும் வந்தது. சுமார் 2 கோடியே 7 லட்சம் குடும்பங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. திருநங்கைகளுக்கு? செயற்பாட்டாளர் கிரேஸ் பானு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அப்போதுதான் கணக்கு வெளியே வந்தது. மாநிலத்தில் பதிவு செய்த திருநங்கைகள் 11,449 பேர். அதில் அட்டை வைத்திருந்தவர்கள் 2,956 பேர் மட்டும். மீதி 8,493 பேருக்கு அட்டை இல்லாமலே 2,000 ரூபாய் தர அரசு உத்தரவிட்டது.

நாலில் மூன்று பேருக்கு அட்டை இல்லை! ஒரு சமூகத்தையே பட்டியல் விட்டுவிட்டது என்பதை ஒரு வழக்கு வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. மூத்தவருக்கு அந்த 2,000 வந்தது, திருநங்கைகள் நலவாரிய அடையாள அட்டை இருந்ததால். இளையவர் அப்போதுதான் வீட்டைவிட்டு வந்திருந்தார். எந்த அட்டையும் கிடையாது. மூத்தவரின் இரண்டாயிரத்தில் இருவரும் சாப்பிட்டார்கள்.

இதில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 2020 செப்டம்பரில் பாலியல் தொழிலாளர்களுக்கு உலர் ரேஷன் கொடுக்கச் சொன்னபோது, அடையாளச் சான்று கேட்காதே என்றது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு அவர்களை ஏற்கெனவே தெரியும், அந்த அறிமுகமே போதும் என்றது. பசிக்கு ஆதாரம் பசிதான். ஆளைத் தெரிந்தவர் ஒருவர் சொன்னால் போதாதா?

இரவு அறையில் மற்ற நாடுகளைப் பற்றிப் படித்தேன். ஆப்பிரிக்காவில் டோகோ, நம்மைவிடப் பல மடங்கு சிறிய, ஏழை நாடு. ரேஷன் கடை என்ற ஏற்பாடெல்லாம் இல்லை. ஆனால் சற்று முன்புதான் புதுப்பித்த வாக்காளர் பட்டியல் இருந்தது. அதை வைத்து 2020 ஏப்ரலில் நொவிஸி என்ற திட்டம் தொடங்கினார்கள். செல்போனில் ஓர் எண்ணை அழுத்தி வாக்காளர் எண்ணைச் சொன்னால் பணம் போனுக்கே வந்துவிடும். பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பின்னால் செயற்கைக்கோள் படங்களையும் போன் பயன்பாட்டுத் தரவுகளையும் வைத்து மிக ஏழையான வட்டாரங்களைத் தேடிப் போனார்கள். பாகிஸ்தானில் எஹ்சாஸ் திட்டம்: 8171 என்ற எண்ணுக்கு அடையாள எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும், ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 12,000 ரூபாய். வங்கதேசம் ஐம்பது லட்சம் குடும்பங்களுக்கு 2,500 டாக்கா என்று திட்டமிட்டது. இலங்கையில் சமுர்த்தி என்ற ஏழைகளுக்கான உதவித் திட்டத்தில் இருந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபாய்.

எல்லா நாடும் கையில் என்ன பட்டியல் இருந்ததோ அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. டோகோவில் போன் இல்லாதவர், பாகிஸ்தானில் அடையாள அட்டை இல்லாதவர், இங்கே ரேஷன் அட்டை இல்லாதவர். தீப்பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது.

சனி, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, பாகூர்

ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் முள்ளோடை, புதுச்சேரி எல்லை. தாண்டினால் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம். உள்ளே திரும்பினால் பாகூர். பெண் கொடுத்து எடுப்பதெல்லாம் இரண்டு பக்கமும் கலந்துதான். ஊரடங்கில் முள்ளோடையில் தடுப்பு வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் வேலைக்குப் போன இந்தப் பக்கத்துக்காரர்கள் வயல் வரப்பில் நடந்து போனார்களாம்.

ரெட்டிச்சாவடியில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவின் மகள், இரண்டு பிள்ளைகளோடு அங்கேயே இருக்கிறாள். பாகூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தது. கணவன் குடித்துவிட்டு அடித்ததில் 2019-லேயே வந்துவிட்டாள். அவள் பெயரும் பிள்ளைகள் பெயரும் மாமியார் தலைவியாக இருக்கும் புதுச்சேரி சிவப்பு அட்டையில், அதாவது அங்கே ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் ரேஷன் அட்டையில், இருக்கின்றன. அங்கே நீக்காமல் இங்கே அம்மா அட்டையில் சேர்க்க முடியாது.

நான் நோட்டில் கணக்குப் போட்டேன். 2020-இல் தமிழ்நாடு ஆயிரம், புதுச்சேரி இரண்டாயிரம். 2021-இல் தமிழ்நாடு நாலாயிரம், புதுச்சேரியில் ரங்கசாமி அரசு இரண்டு தவணையாக மூவாயிரம். போன டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குத் தமிழ்நாடு இரண்டாயிரம், புதுச்சேரி ஐயாயிரம். புதுச்சேரி கொடுத்த பத்தாயிரமும் மாமியார் வீட்டுக்குப் போனது. தமிழ்நாடு கொடுத்த ஏழாயிரத்தில் இவள் பெயரில் ஒன்றும் இல்லை. 2023 செப்டம்பரில் வந்த மகளிர் உரிமைத்தொகைக்கும் அட்டையில்லாமல் விண்ணப்பிக்க முடியவில்லை.

“அட்டையில பேரு எடுத்துக் குடுங்கன்னு கேட்டா, புள்ளைங்கள விட்டுட்டுப் போன்னு சொல்றாங்கக்கா” என்றாள். அட்டையில் மூன்று பெயர் குறைந்தால் அந்த வீட்டுக்கு அரிசி குறையும்.

இரண்டு அரசாங்கமும் கொடுத்திருக்கின்றன. இரண்டுமே தாராளமாகத்தான். நடுவில் ஒரு பெண் ஐந்து வருடமாக இரண்டு பட்டியலுக்கும் வெளியே நிற்கிறாள். திங்கட்கிழமை என்னோடு புதுச்சேரி வரச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு, புதுச்சேரி

கடற்கரைச் சாலை, பிரெஞ்சுத் தெருக்கள் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. நான் நேராக முத்தியால்பேட்டை போனேன்.

என்னைப் போலவே ரேஷன் கடையில் வேலை பார்த்த ஒரு சகோதரர் அங்கே இருக்கிறார். புதுச்சேரியில் 2015 செப்டம்பரிலிருந்து ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகளுக்கு வேலை இல்லாமல் போய்ப் பூட்டு விழுந்தது. கொரோனா வந்தபோது மத்திய அரசு ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி இலவசம் என்று ஒதுக்கியது. சிவப்பு அட்டைக்கு அரிசி மூட்டை மூட்டையாக வந்தது. கொடுக்கக் கடை எங்கே?

“பள்ளிக்கூடத்துலயும் சமுதாயக் கூடத்துலயும் வச்சுக் குடுத்தாங்க. வாத்தியாருங்க எடை போட்டாங்க. எங்க கடையில தராசு துருப்பிடிச்சுக் கெடந்துச்சு” என்றார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பதினெட்டு வருடம் அந்தத் தெருவுக்கு அரிசி போட்டவர். எந்த வீட்டில் எத்தனை உருப்படி, எந்தப் பாட்டி தனியாக இருக்கிறாள் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர். அந்த அறிவு வேண்டியிருந்த நாளில் அவரை யாரும் கூப்பிடவில்லை.

பணமா அரிசியா என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் விவாதிக்கிறார்கள். பணத்துக்கு நான் எதிரி இல்லை. வாடகைக்கும் மருந்துக்கும் அரிசி உதவாது. ஆனால் பணம் கொடுக்கிறோம், கடை எதற்கு என்று மூடியது தவறு. கடை என்பது அரிசி மட்டும் இல்லை. அட்டை இல்லாதவர் வந்து நிற்க ஓர் இடம், அவரைப் பார்க்க ஓர் ஆள். கணக்கில் விழும் பணத்துக்கு வாசல் கிடையாது. யார் விடுபட்டார் என்பது அங்கே யார் கண்ணிலும் படாது. புதுச்சேரியிலும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் தீபாவளிக்கு முன்னால் கடைகளைத் திரும்பத் திறந்து, பத்துக் கிலோ அரிசியும் இரண்டு கிலோ சர்க்கரையும் கொடுத்தார்கள். அன்றைக்குத் தெருவே வரிசையில் நின்றது என்றார் சகோதரரின் மனைவி.

திங்கள், புதுச்சேரி

காலை ஒன்பதரைக்கே ரெட்டிச்சாவடிப் பெண் வந்துவிட்டாள், சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு. அட்டை அலுவலகத்தில் எழுத்தர் ஒரு பெண். முழுவதையும் கேட்டார். குடும்பத் தலைவியின் ஒப்புதல் வேண்டும் என்பது வழக்கம் என்றும், பிரிந்து வாழ்வதற்குச் சான்று இருந்தால் நேரில் விசாரித்து நீக்கலாம் என்றும் சொன்னார். மனுவை அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். ஆதார் நகல், பிள்ளைகள் ரெட்டிச்சாவடி பக்கத்துப் பள்ளியில் படிக்கும் சான்று, 2019-இல் மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது. ரசீதை அவள் அம்மா பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். மனுவில் முத்திரை போட்டு எண் கொடுத்தார்கள்.

நீக்கல் சான்று கைக்கு வந்ததும் தமிழ்நாட்டுப் பக்கம் வேலை சுலபம். அம்மா அட்டையில் சேர வேண்டாம், தனி அட்டையே கேள் என்று சொல்லியிருக்கிறேன். தலைவி அவளாக இருந்தால்தான் உரிமைத்தொகைக்கும் வழி. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இழுத்தடித்தால் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமுக்கு மனு எண்ணோடு போக வேண்டும். அடுத்த முகாம் ஏப்ரல் 12. அதற்குள் சான்று வராவிட்டாலும் போய் உட்காரச் சொல்லியிருக்கிறேன். என் போன் நம்பர் அவளிடம் இருக்கிறது. முகாம் அன்று நானும் காலையிலேயே கூப்பிடுவேன்.